மொட்டைமாடித் தகரக் கொட்டகையைக் காற்று தூக்குமா?

கடலூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் மாடிவீடு கடற்கரையிலிருந்து நான்கு கிலோமீட்டரில் இருக்கிறது. மொட்டைமாடியில் தகர ஷீட் கொட்டகை போட்டு, மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க எண்ணுகிறேன். ஷீட் எடை குறைவு, கட்டடம் தாங்கும், கணக்கெல்லாம் வேண்டாம் என்கிறார் ஷீட் போடுபவர். நம்பலாமா?"

கட்டடம் எடையைத் தாங்கும் என்று அவர் சொல்வது சரி. அரை மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில்தான் இருக்கும். இரும்புக் குழாய்களைச் சேர்த்தாலும் 15 கிலோவை ஒட்டியே வரும். ஆனால், புயலில் கொட்டகை கீழே அமுங்குவதில்லை, மேலே பிய்த்துக்கொண்டு போகிறது. எனவே எடை குறைவாக இருப்பதே இங்கே பலவீனம்.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, 2015. உங்கள் பகுதிக்கு அது தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. சுற்றிலும் வீடுகள் இருப்பதையும் கூரையின் சாய்வையும் கருதி 100 கிலோ என்றே வைத்துக்கொண்டாலும், 3 மீட்டருக்கு 3 மீட்டர் பரப்பைத் தாங்கும் ஒரு காலை 900 கிலோ விசை மேலே இழுக்கும். அந்தப் பரப்பின் சொந்த எடையோ 135 கிலோதான். மீதி முக்கால் டன்னை அந்தக் காலின் அடியிலுள்ள நான்கு போல்ட்டுகள் பிடித்து வைத்தாக வேண்டும்.

அந்தப் போல்ட்டுகள் எதில் இறங்கியிருக்கின்றன என்பதைக் குனிந்து பாருங்கள். பல மாடிகளில் மேலே தட்டோடு, அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கும் கீழேதான் கான்கிரீட். மூன்று அங்குல போல்ட் தட்டோட்டையும் ஜல்லியையும் தாண்டுவதற்குள்ளேயே முடிந்துவிடும். முறுக்கும்போது இறுக்கமாகத் தோன்றினாலும், இழுப்பு வரும்போது ஓட்டோடு சேர்ந்து பெயர்ந்து வரும். கால் நிற்கும் இடத்தில் தட்டோட்டை அகற்றி, கான்கிரீட்டில் துளையிட்டு, தூண் அல்லது உத்தரத்தின் மேல் மட்டும் கால்களை நிறுத்தச் சொல்லுங்கள். வெறும் தளத்தின் நடுவே நிறுத்தக் கூடாது. அங்குள்ள கம்பிகள் கீழ்நோக்கிய சுமைக்காக வைக்கப்பட்டவை. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் காற்று மேல்நோக்கி இழுக்கும் உறிஞ்சல் அதிகம் என்பதால் அங்கே ஷீட் திருகுகள் நெருக்கமாக இருக்க வேண்டும்.

இன்னொரு கண்ணி, மாடிப்படி ஏறாமலேயே "உறுதிச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகர். போல்ட்டின் அளவும் நீளமும் இழுவிசைக் கணக்கும் இல்லாத அந்தத் தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கோப்பில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கும் முறை, மாடியில் போல்ட் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை; இத்தனை புயல்களுக்குப் பிறகும் இது மாறவில்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

டியூஷன் என்பதால் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரையின் 60 கிலோமீட்டர் பட்டையில், புயலுக்குப் பின் அவசரப் பணிக்குத் தேவைப்படும் மருத்துவமனை, பள்ளி, புயல் காப்பகம் போன்றவற்றுக்குக் காற்றின் வேகத்தை 1.30 ஆல் பெருக்கச் சொல்கிறது தரநிலை; சாதாரண வீட்டுக்கு 1.00 போதும். சுமை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 1.30 என்பது 69 சதவீதக் கூடுதல் சுமையாகிறது. எழுத்துப்படி பார்த்தால் உங்கள் கொட்டகை பள்ளி ஆகாது, புயலன்று வகுப்பும் நடக்காது. ஆனாலும் எச்சரிக்கை இல்லாமல் மாலையில் வரும் சூறைக்காற்று பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே வரலாம், பறக்கும் ஷீட் தெருவில் போகிறவரையும் வெட்டும். நான் 1.30 வைத்தே கணக்கிடுவேன். அதற்காகக் கூடுவது போல்ட், திருகு, காலின் அடித்தகடான பேஸ் பிளேட் ஆகியவற்றின் செலவுதான்.

சாரலுக்காக மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கத்தைத் திறந்து விடும் எண்ணமிருந்தால், முன்பே கட்டமைப்புப் பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள். திறந்த பக்கமாக நுழையும் காற்று உள்ளிருந்து தள்ள, மேலே ஓடும் காற்று உறிஞ்ச, மேலே சொன்ன 100 கிலோ அப்போது போதாது.