தனுக்கி ஏன் வாலை மறைக்க மறக்கிறது?

கேள்வி: ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஜிப்லியின் ‘பொம் போக்கோ’ படத்தை ஆங்கிலத்தில் பார்த்தேன். உருவம் மாறும் அந்த விலங்குகளை ரக்கூன் என்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. அவை ஜப்பானில் வாழும் தனுக்கி. தனுக்கி நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது, நரிக்கு உறவு. ரக்கூன் வட அமெரிக்க விலங்கு. அதன் குடும்பமே வேறு. குழப்பம் வந்தால் முதலில் வாலைப் பாருங்கள். கறுப்பு வளையங்கள் இருந்தால் ரக்கூன், இல்லையென்றால் தனுக்கி. ரக்கூனின் காலடித் தடத்தில் குழந்தையின் கை போல ஐந்து நீண்ட விரல்கள் பதியும். தனுக்கியின் தடம் நாயுடையதைப் போல நான்கு விரல்தான்.

இன்று ஜப்பானியக் காடுகளில் ரக்கூனும் திரிகிறது. 1977இல் வந்த ஒரு ரக்கூன் குட்டியின் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு, பலர் அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வளர்த்தார்கள். வளர்ந்ததும் கடிக்கத் தொடங்கியது, காட்டில் விட்டார்கள். தனுக்கியின் இடத்தில் அதற்குப் போட்டியாக இன்னொரு விலங்கு வந்து சேர்ந்ததில் ஒரு கார்ட்டூனுக்கும் பங்கு உண்டு என்பது வருத்தமான விஷயம்.

கேள்வி: நரியும் உருவம் மாறுகிறது, தனுக்கியும் மாறுகிறது. என்ன வித்தியாசம்?

பதில்: ‘நரிக்கு ஏழு வேடம், தனுக்கிக்கு எட்டு’ என்பது ஜப்பானியப் பழமொழி. கதைகளில் நரி பெரும்பாலும் ஏதாவது காரியத்துக்காக வேடம் போடும்: மயக்க, பழிவாங்க, சில சமயம் காதலிக்க. தனுக்கிக்கு வேடம் போடுவதே இன்பம். தலையில் ஒரு இலையை வைத்துக்கொண்டு மாறும். இலையையே பணமாக்கிச் சாராயம் வாங்கும். கடைக்காரர் பிறகு பெட்டியைத் திறந்தால் உள்ளே சருகு கிடக்கும். இந்த நம்பிக்கை மிகப் பழையது. முஜினா என்னும் விலங்கு மனித உருவெடுத்துப் பாடியதாக ‘நிஹொன் ஷொக்கி’ வரலாற்று நூல் 627ஆம் ஆண்டுக் குறிப்பில் சொல்கிறது. பல வட்டாரங்களில் தனுக்கிக்கே முஜினா என்றுதான் பெயர்.

கேள்வி: ‘நருட்டோ’ அனிமேவில் காரா என்ற பையன் தூங்கினால்தான் அவனுக்குள் இருக்கும் ஒற்றை வால் அசுரன் ஷுகாக்கு வெளியே வருகிறது. ஏன் தூக்கம்?

பதில்: குன்மா மாநிலத்தின் ததேபயாஷி ஊரில் மோரின்ஜி என்ற கோயில் இருக்கிறது. அங்கே எவ்வளவு மொண்டாலும் வெந்நீர் வற்றாத கெட்டில் ஒன்றை வைத்திருந்த துறவியின் பெயர் ஷுகாக்கு. ஒருநாள் அவர் அயர்ந்து தூங்கும்போது வால் வெளியே தெரிந்துவிட்டது. அவர் தனுக்கி என்று எல்லோருக்கும் புரிந்தது. ஒற்றை வால் அசுரனுக்கு அதே பெயர்தான், எழுத்துகளும் அவைதான். காரா தன்னைத் தூங்க வைத்துக்கொள்ளும் வித்தைக்கு ஜப்பானிய மொழியில் ‘தனுக்கித் தூக்கம்’ என்று பெயர். அன்றாடப் பேச்சில் அதற்குப் பொய்த்தூக்கம் என்று பொருள். காராவின் கண்ணைச் சுற்றிய கறுப்பும் தனுக்கியை நினைவூட்டுவதுதான்.

கேள்வி: ‘பொம் போக்கோ’வைக் குழந்தைகளுடன் பார்க்கலாமா?

பதில்: பத்து வயதுக்கு மேல் என்றால் பார்க்கலாம். தோக்கியோவுக்கு மேற்கே தாமா குன்றுகளை வெட்டிப் புதுநகரம் கட்டுகிறார்கள். வீடிழந்த தனுக்கிகள் போராடுகின்றன. சாலையில் அடிபட்டுச் சாகும் காட்சிகள் உண்டு. ஆண் தனுக்கிகள் விதைப்பையை விரித்துப் பாராசூட் ஆக்கும் இடத்தில் குழந்தை கேள்வி கேட்கும். மழுப்ப வேண்டாம். ஜப்பானில் அது செல்வத்தின் அடையாளம். கடை வாசலில் நிற்கும் ஷிகராக்கி மண்பொம்மைகளிலும் அப்படியே இருக்கும்.

கேள்வி: நான் அனிமேஷன் மாணவன். தனுக்கி மனிதனாக மாறும் காட்சியை வரைந்தால் மாவு உருகுவது போல் இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: தொடக்கப் படத்துக்கும் முடிவுப் படத்துக்கும் நடுவே சம இடைவெளியில் படங்களை நிரப்பியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் உழைப்பே தெரியாது. தனுக்கிக்கு மாறுவது பாடுபட்டுச் செய்யும் வேலை.

நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் ஒன்றரை நொடி, அதாவது 36 ஃபிரேம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 8இல் இலையைத் தலையில் அழுத்திக் குந்தட்டும், கண் இறுக மூடட்டும், வால் மயிர் சிலிர்க்கட்டும். அடுத்த 4இல் அசையாமல் நிறுத்துங்கள். பார்ப்பவர் மூச்சைப் பிடிப்பது இங்கேதான். பிறகு 2இல் உடல் மேல்நோக்கி விசுக்கென்று நீள வேண்டும். புகைக்கு 4 போதும். முதல் படத்திலேயே புகை முழு அளவில் இருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தால் அடுப்புப் புகை போலாகிவிடும். அடுத்த 6இல் மனித உருவம் தேவைக்குப் பத்தில் ஒரு பங்கு பெரிதாக வெளிப்படட்டும். கடைசி 12இல் சரியான அளவுக்கு அடங்கட்டும். எல்லாவற்றுக்கும் பிறகுதான் வால் உள்ளே போக வேண்டும், அதுவும் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு.

மாறிய பிறகும் களைப்பைக் காட்டுங்கள். ‘பொம் போக்கோ’வில் மனித வேடத்தில் வேலைக்குப் போகும் தனுக்கிகள் சோர்ந்தால் கண்ணுக்குக் கீழே கறுவளையம் விழும். இயக்குநர் இசாவோ தகஹாதா அதே விலங்குகளை வெவ்வேறு விதமாக வரைய வைத்தார்: மனிதர் பார்க்கும்போது நாலுகால் விலங்கு, தங்களுக்குள் இருக்கும்போது சட்டை போட்டு இரண்டு காலில் நிற்பவை, தோற்றுத் துவளும்போது நாலு கோட்டில் முடியும் பழைய காமிக்ஸ் உருவம். இவற்றுக்கு நடுவே பெரும்பாலும் புகைகூட இல்லை, படம் சட்டென மாறிவிடும். காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பாருங்கள், எந்த இடத்தில் மாற்றுகிறார் என்று குறித்து வையுங்கள்.