வாசகர் கேள்வி – பதில்: பக்கத்து சீட்டுக்காரரிடம் என்ன பேசுவது?

கேள்வி: பெங்களூரில் வேலை. வாரக் கடைசியில் ரயிலில் ஊருக்கு வருவேன். வழி முழுக்கப் போனைப் பார்த்துக் கண் எரிகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசலாம் என்றால் தப்பாக நினைப்பாரோ என்று கூச்சம். எப்படி ஆரம்பிப்பது?
– பெயர் வேண்டாம், தர்மபுரி

தம்பி, "வணக்கம், என் பேர் இன்னது" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்து மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். ஆளைப் பற்றிக் கேட்காமல், இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகிற ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் வழியில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஓசூர் தாண்டினால் ஒற்றைத் தடம், எங்கேயாவது கிராசிங்குக்கு வண்டி நிற்கும், "எந்த வண்டிக்குங்க நிறுத்தியிருக்காங்க?" என்றால் போதும், அவருக்கும் தெரியாது, ஆனாலும் பதில் சொல்வார். ராயக்கோட்டை வந்ததும் "தக்காளி பெட்டி என்ன விலைங்க போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். எதிரே இருப்பவர் மாரண்டஹள்ளி, பாலக்கோடு பக்கம் காடு வைத்திருப்பவராக இருந்தால் இன்றைய விலையில் ஆரம்பித்து, விலை விழுந்தபோது பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் செடியிலேயே விட்டது, போர் எத்தனை அடி போட்டும் புகைதான் வந்தது, பையனுக்கு எந்தக் காலேஜில் சீட்டு கிடைத்தது என்று தர்மபுரி வரைக்கும் அவரே கொண்டுவந்து விடுவார். நீங்கள் நடுநடுவே "அப்படிங்களா" போட்டால் சரி.

எங்கே நிறுத்துவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு காதில் இருந்து இயர்போனை எடுத்தால் பேசலாம். எடுக்காமலே தலையை ஆட்டினால் விட்டுவிடுங்கள். இரண்டு தடவை ஒற்றை வார்த்தையில் பதில் வந்தாலும் அப்படித்தான். தனியாக வருகிற பெண்ணிடம் நீங்களாகப் பேச்சை வளர்க்கவே வேண்டாம், பையை மேலே வைக்க உதவி கேட்டால் வைத்துக்கொடுத்துவிட்டு உங்கள் இடத்துக்கு வந்துவிடுங்கள். அப்புறம், முறுக்கை நீட்டி அவர் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளக் கூடாது. முகம் தெரியாதவர் கொடுப்பதைச் சாப்பிடாதீர்கள் என்று ரயில்வேயே சொல்கிறது, நீங்களும் அவருக்கு முகம் தெரியாதவர்தானே!

கேள்வி: எதிர் சீட்டு அம்மா சம்பளம், கல்யாணம் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, ஓசூர்

"ஓசூர் ஆளுங்கதாம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, உடனே அவர் மகளையோ மருமகளையோ பற்றி ஒரு கேள்வி போடுங்கள். மருமகள் என்றால் சேலம் வரைக்கும் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. அதையும் மீறித் திரும்பவும் சாதியைக் கேட்டால், "அது எதுக்கும்மா உங்களுக்கு?" என்று நேராகவே கேட்கலாம், பெரியவர் என்பதற்காக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. யாராவது எல்லை மீறினால் 139-க்குப் போன் செய்யுங்கள், டிக்கெட் பரிசோதகர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் ரயிலே இல்லையே, நான் யாரிடம் பேச?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

இருந்தது ஐயா! திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய பாதையில் ஒரு காலத்தில் வண்டி ஓடி, பிறகு நின்றுபோனது. இப்போதைக்கு பஸ்ஸில் ஏறுங்கள். டோல்கேட் வரிசையில் நிற்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் அவராகவே பேச ஆரம்பிப்பார்.