பரோக் கால நகரக் காட்சிப் படங்களை வரலாற்று ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா?

பரோக் கலைப்பாணி ஓங்கியிருந்த 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரப் படங்களில் கோபுரங்களெல்லாம் நம்ப முடியாத உயரத்தில் இருக்கின்றனவே, அவற்றை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக நம்பலாம். கோபுரத்தின் உயரத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஊர் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

1611-ல் டச்சுப் பதிப்பாளர் விஸ்ஸர் வெளியிட்ட ஆம்ஸ்டர்டாம் படத்தைப் பாருங்கள். பின்னால் கப்பல்கள் நிறைந்த துறைமுகம். முன்னால் அந்த ஊரே ஒரு கன்னிப்பெண்ணாக வீற்றிருக்க, பல நாட்டு மக்கள் சரக்கோடு வந்து நிற்கிறார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கி அப்போது ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தத் தெம்பு படம் முழுக்கத் தெரிகிறது.

ஜெர்மானிய நகரப் படங்களில் நான் முதலில் தேடுவது தூக்குமரத்தை. மதிலுக்கு வெளியே, பெரும்பாலும் ஒரு மேட்டின் மேல் சின்னதாக இருக்கும். அதை ஏன் மறைக்கவில்லை? மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் எல்லா ஊருக்கும் கிடையாது. இருந்த ஊருக்கு அது பெருமை. அதே போலத்தான் ஜெர்மானிய நகரமான கொலோன். அங்கே பேராலய வேலை 16-ஆம் நூற்றாண்டில் பாதியில் நின்றுபோனது. பாதிக் கோபுரத்தின் உச்சியில் பாரந்தூக்கி அப்படியே நின்றது, 1868-ல்தான் இறக்கினார்கள். அந்த ஊர்க் காட்சிகளில் அதையும் ஒளிக்காமல் வரைந்திருக்கிறார்கள். ஊரின் அடையாளமே அதுதான் என்று ஆகிவிட்டது போலும்.

பதிப்பாளர் மேரியன் 1642 முதல் வெளியிட்ட ஜெர்மானிய நகரக் காட்சித் தொகுதிகளைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகும். ஜெர்மானிய நாடுகளைச் சிதைத்த முப்பதாண்டுப் போர் (1618–1648) அப்போது இன்னும் முடியவில்லை. மாக்டபுர்க் நகரம் 1631-லேயே எரிந்துவிட்டது. போரில் சிதைந்த பல ஊர்களை அவர் முன்பிருந்த கோலத்திலேயே அச்சில் நிறுத்தினார். ஊரை இழந்தவர்களுக்கு அந்தத் தாள் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்!

சரி, கட்டட ஆதாரமாகப் பயன்படுமா? பயன்படும், சரிபார்த்துக்கொண்டால். ஓவியர் ஹொல்லரின் 1647 லண்டன் காட்சியில், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த குளோப் நாடக அரங்கின் பெயரும் பக்கத்திலிருந்த கரடிச் சண்டை அரங்கின் பெயரும் இடம் மாறிவிட்டன. ஆனால் கட்டடங்களை அவர் நேரில் பார்த்து வரைந்திருந்தார். அதனால்தான் லண்டனில் குளோப் அரங்கை மறுபடி கட்டியபோது அவருடைய ஓவியத்தையும் ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள்.