வேலை துரத்தாமல் 4 நாள் கோல்ஃப் விளையாடப் போவது எப்படி?

கேள்வி கேட்டவர் தஞ்சாவூரில் சொந்தத் தொழில் நடத்துகிறார். குடும்பத்தோடு மலைக்குப் போய் நாலு நாள் கோல்ஃப் ஆடிவிட்டு வரவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வேலை வந்து குறுக்கே நிற்கிறது, போனாலும் போன் விடமாட்டேன் என்கிறது, எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருக்கிறார். நானும் இதில் அடிபட்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் ஆடிட்டர். சென்னையில் வேலை பார்த்தபோது ஒரு நண்பர் கூட்டிக்கொண்டு போய் கோல்ஃப் மட்டையைக் கையில் கொடுத்தார். ஊருக்குத் திரும்பி சொந்தமாக ஆபீஸ் போட்ட பிறகும் அந்த ஆசை விடவில்லை. எங்கள் ஊரில் கோல்ஃப் மைதானம் கிடையாது. மொட்டை மாடியில் வலை கட்டி அடிப்பேன். மே மாதம் அரசலாறு காய்ந்து கிடக்கும்போது விடியற்காலையில் மணலில் இறங்கி பங்கர் ஷாட், அதாவது மைதானத்து மணல் குழியிலிருந்து பந்தை வெளியே எடுக்கும் அடி, பழகுவேன். பந்தைத் தொடாமல், அதற்கு இரண்டு விரல் பின்னால் மணலில் மட்டையை இறக்க வேண்டும். மணலே பந்தைத் தூக்கி வெளியே போட்டுவிடும். ஜூன் 12 மேட்டூர் திறப்பது வழக்கம். திறந்தால் சில நாட்களில் ஆற்றில் தண்ணீர் வந்துவிடும், அதோடு என் பயிற்சிக்கு விடுமுறை.

முதல் தடவை கொடைக்கானல் போனபோது நான் செய்த தப்பு தேதியிலேயே தொடங்கியது. மகளுக்குக் காலாண்டு விடுமுறை என்று செப்டம்பர் கடைசி வாரத்தில் ரூம் போட்டேன். வரித் தணிக்கை அறிக்கை தாக்கல் செய்யக் கடைசி நாள் செப்டம்பர் 30. எல்லாவற்றையும் 25-ஆம் தேதிக்குள் முடித்துவிடலாம் என்று நம்பினேன். முடியவில்லை. லேப்டாப்பும் கூடவே மலை ஏறியது.

இரண்டாம் நாள் காலை மைதானத்தில் நாலாவது குழிக்கு ஆடிக்கொண்டிருந்தேன். பந்து மரங்களுக்குள் போய்விட்டது. கேடி, அதாவது மட்டைப் பையைத் தூக்கி வரும் உதவியாளர், ஒரு பெரியவர். பையை இறக்கி வைத்துவிட்டுத் தேடப் போனார். அப்போது ஒரு வாடிக்கையாளரிடமிருந்து போன். ரிட்டர்னில் வித்தியாசம் என்று ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்திருக்கிறது, பதில் சொல்ல 30 நாள் இருக்கிறது. அவர் பயந்துபோய் இருந்தார். நான் 25 நிமிடம் பேசினேன். தொலைந்த பந்தைத் தேடுவதற்கே 2019-லிருந்து 3 நிமிடம்தான் என்று விதி வைத்திருக்கிறார்கள், முன்பு அது 5 நிமிடம். பின்னால் வருபவர்கள் காத்திருக்கக் கூடாது என்பதற்காக வந்த மாற்றம் அது. நான் பேசி முடித்துத் திரும்பியபோது பின்னால் 4 பேர் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். கேடி பெரியவர் கண்டெடுத்த பந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு வழிவிட்டுவிட்டு, மீதி ஆட்டத்தை ஆடாமலே ரூமுக்கு வந்தேன்.

அன்று ராத்திரி நான் லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, நாம எப்ப ஊருக்குப் போறோம்? அங்கன்னா நீங்க சாயந்தரம் ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு வருவீங்கல்ல?"

அவள் குறை சொல்லவில்லை. நிஜமாகவே ஊருக்குப் போக வேண்டும் என்றுதான் கேட்டாள். மறுநாள் காலையே கிளம்பிவிட்டோம்.

ஊர் திரும்பிய அடுத்த வாரம் அப்பாவைப் பார்க்கக் கிராமத்துக்குப் போனேன். சம்பா நட்டு ஒரு மாதம் இருக்கும். முதல் நாள் சாயந்தரம் எங்கள் முறைக்குத் தண்ணீர் வைத்து நிரப்பிய வயல், காலையில் பாதி வடிந்து கிடந்தது. அப்பா மண்வெட்டியோடு வரப்பிலேயே மெதுவாக நடந்து வந்து ஓர் இடத்தில் குனிந்து கையை விட்டார். நண்டு வளை. கட்டை விரல் நுழையும் அளவுதான் இருக்கும். "ராத்திரி பூரா இது வழியாத்தாம்ப்பா போயிருக்கு" என்றபடி சேற்றை அள்ளி அடைத்து, குதிகாலால் நாலு மிதி மிதித்தார். அவருக்கு என் கொடைக்கானல் கதை எதுவும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து விடுமுறை என்றால் எனக்கு அந்த வளைதான் ஞாபகம் வருகிறது. ஒரு போன்தானே, ஒரு மெயில்தானே என்று விட்டதில்தான் என் நாலு நாளும் வடிந்து போனது.

சரி, இப்போது எப்படிப் போகிறேன் என்று சொல்கிறேன்.

தேதிதான் முதல் வேலை. அதைக் குறிக்க நான் இரண்டு காலண்டர் பார்க்கிறேன். ஒன்று வரிக் காலண்டர். பெரும்பாலான மாதங்களில் 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வரி) கட்ட வேண்டும். ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 20-ஆம் தேதி 3பி (ஜிஎஸ்டி வரி கட்டும் ரிட்டர்ன்). ஜூலை, செப்டம்பர், அக்டோபர் மூன்றும் எங்களுக்கு மூச்சு விட முடியாத மாதங்கள். ஜனவரியில் பொங்கல் முடிந்து போகலாம் என்றால் 31-ஆம் தேதி டிடிஎஸ் காலாண்டு ரிட்டர்ன் நிற்கிறது. பிப்ரவரி 20 தாண்டினால் மார்ச் 7 வரை வழி திறந்திருக்கிறது.

இன்னொன்று சாகுபடிக் காலண்டர். நம் டெல்டாவில் எந்தத் தொழிலாக இருந்தாலும் நெல் எப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் போன் அடிக்கும். பிப்ரவரியில் சம்பா அறுவடை. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ரைஸ் மில்காரர்களும் நெல் வியாபாரிகளும்தான். மிஷின் எப்போது வரும், ஈரம் எவ்வளவு, லாரி எங்கே நிற்கிறது என்பதில் இருப்பார்கள், ஆடிட்டரைத் தேடமாட்டார்கள். மழையும் ஓய்ந்திருக்கும், மலைப்பாதைக்கு அது முக்கியம். நீங்கள் உரக்கடை வைத்திருந்தால் குறுவைக்கும் சம்பாவுக்கும் நடவு நேரத்தில் நகர முடியாது, ஜவுளி என்றால் தீபாவளிக்கு முன் நினைக்கவே வேண்டாம். உங்கள் தொழிலில் எந்தப் பத்து நாள் சும்மா கிடக்கிறது என்று போன 2 வருடக் கணக்கு நோட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். மாசி மகத்தையும் பார்த்துக்கொள்வேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருப்பார்கள்.

தேதி முடிவானதும் ரூமுக்குப் பணம் கட்டிவிடுவேன். "வேலையைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வைத்திருந்த 3 வருடமும் நான் போகவில்லை.

அடுத்தது ஆபீஸ். இதைத்தான் பலரும் கிளம்பும் நாள் அன்று பார்க்கிறார்கள். நான் 3 வாரம் முன்பே ஆரம்பிக்கிறேன். முக்கியமான வாடிக்கையாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு நானே போன் செய்து, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இருக்கமாட்டேன், அதற்குள் எது வேண்டுமோ இப்போதே கேளுங்கள் என்று சொல்வேன். முதல் வருடம் சொல்லவே கூச்சமாக இருந்தது. விளையாடப் போகிறேன் என்றால் என்ன நினைப்பார்களோ என்று. ஒரு மில் முதலாளி, "தாராளமா போய்ட்டு வாங்க சார், களத்துல நெல்லு கெடக்கு, எனக்கே உங்ககூடப் பேச நேரம் இல்ல" என்றார்.

ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வரும் ஓடிபி வாடிக்கையாளரின் போனுக்குத்தான் போகும். அவர் வயலில் இருந்தால் வேலை நின்றுவிடும். அதனால் பிப்ரவரி மாதம் மட்டும் 20-க்குப் பதில் 17-ஐக் கடைசி நாளாக வைத்திருக்கிறேன். பென்டிரைவ் மாதிரி இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களுக்கெல்லாம் நூல் கட்டிப் பெயர் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, 8 வருடமாக என்னோடு இருக்கும் சீனியர் அம்மாவிடம் சாவி கொடுத்துவிடுவேன். எது அவசரம் என்று அவரும் நானும் உட்கார்ந்து பேசி எழுதி வைத்திருக்கிறோம். எங்காவது அதிகாரிகள் சோதனைக்கு வந்தால், யாராவது தவறிவிட்டால், இரண்டுக்கு மட்டும் உடனே கூப்பிட வேண்டும். நோட்டீஸ் அந்தப் பட்டியலில் இல்லை. பெரும்பாலான நோட்டீஸுக்குப் பதில் சொல்ல வாரக்கணக்கில் அவகாசம் இருக்கிறது, ஆனால் வாங்கியவருக்கு அது தெரியாது. "30 நாள் இருக்குங்க, சார் வந்ததும் பார்த்துடுவாங்க" என்று நம் ஆபீஸிலிருந்து ஒருவர் சொன்னாலே அவருக்குத் தூக்கம் வந்துவிடும். அதைச் சொல்ல நான் வேண்டியதில்லை.

ஊரில் இன்னோர் ஆடிட்டர் நண்பர் இருக்கிறார். ஜனவரியில் அவர் சபரிமலை போகும்போது அவர் ஆபீஸை நான் பார்த்துக்கொள்கிறேன், பிப்ரவரியில் என்னுடையதை அவர். தொழிலில் போட்டிதான், ஆனாலும் இந்த முறை 4 வருடமாகப் பிசகவில்லை. தனியாகத் தொழில் செய்பவர்கள் இப்படி ஒருவரைக் கட்டாயம் தேடிப் பிடியுங்கள்.

மலை விஷயத்துக்கு வருவோம். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்திலிருந்து போக எனக்குக் கொடைக்கானல்தான் வசதி. திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் காரில் ஒரே நாளில் நிதானமாக ஏறிவிடலாம். அங்குள்ள கோல்ஃப் கிளப் 1895-ல் தொடங்கியது, 18 குழி. ஊட்டி வேண்டுமென்றால் மயிலாடுதுறையிலிருந்து வரும் ஜன் சதாப்தியில் கோவை போய் ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் ஏறலாம். எங்கே போனாலும் 2024 மே 7-லிருந்து இரண்டு ஊருக்கும் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், போனிலேயே எடுத்துவிடலாம். கிளப்புக்கு முன்கூட்டியே பேசி, உறுப்பினர் இல்லாதவர்கள் ஆடலாமா, கட்டணம் எவ்வளவு, கேடி கிடைப்பாரா, அந்த வாரம் போட்டி ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலர் வைத்த சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள், ஜீன்ஸ் கூடாது. பையில் 14 மட்டை வரை அனுமதி உண்டு. நான் 8 தான் எடுத்துப் போகிறேன், காரில் மீதி இடம் குடும்பத்துக்கு வேண்டுமே.

சுமார் 7,000 அடி உயரத்தில் காற்று லேசாக இருப்பதால் பந்து கூடுதலாகப் போகும். சமவெளியில் 150 கெஜம் போகும் அடி அங்கே 160 தாண்டும். அதனால் தூரம் குறைவாகப் போகும் அடுத்த மட்டையை எடுங்கள், 7-ஆம் நம்பருக்குப் பதில் 8. மூச்சும் வாங்கும், நம் ஊர் தரை பாய் விரித்த மாதிரி, மேடு ஏறி நமக்குப் பழக்கமில்லை. ஏறிய மறுநாளே 18 குழி ஆடாதீர்கள்.

அப்புறம் ஒன்று, இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். 18 குழி ஆட 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினமும் ஆடினால் ஆபீஸுக்குப் பதிலாக கோல்ஃப் உங்களை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விடும். மனைவி ரூமில் காத்திருப்பது அப்படியேதான் இருக்கும். அதனால் ஞாயிறு ஏறுகிறோம், வாரக் கடைசிக் கூட்டம் இறங்கும் நேரம். திங்கள் முழுக்க அவர்கள் சொல்லும் இடம். செவ்வாய் காலை எனக்கு 18 குழி. புதன் 9 குழி மட்டும், மகளும் மனைவியும் கூடவே நடந்து வருவார்கள். வியாழன் இறக்கம். மகளுக்குப் பள்ளியில் 4 நாள் லீவ் லெட்டர் கொடுக்கிறோம், முழுப் பரீட்சைக்கு முன்பு அவ்வளவு நாள் விடுவது சரியா என்று வீட்டில் பேசித்தான் முடிவு செய்தோம்.

என் போன் மனைவியின் பையில் இருக்கும். சாயந்தரம் 6:30-க்கு 15 நிமிடம் சீனியர் அம்மாவிடம் பேசுவேன். போன பிப்ரவரியில் நாலு நாளில் மொத்தம் 3 விஷயம்தான் சொன்னார், மூன்றுமே அவரே முடித்துவிட்டவை.

அந்தப் புதன்கிழமை ஏழாவது குழிக்குப் போகும் வழியில் புல்வெளி நடுவில் ஒரு காட்டுமாடு மேய்ந்துகொண்டிருந்தது. கேடி கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். அது நகரும் வரை ஆட முடியாது. எப்படியும் 20 நிமிடம் நின்றிருப்போம். அதன் கால்கள் முட்டிக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டது போல் இருப்பதை மகள்தான் முதலில் பார்த்தாள். "பேர் என்னப்பா அதுக்கு, எவ்ளோ வெயிட் இருக்கும், குட்டி எங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன்.