ஊசி யார் கையில்?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் வடக்கே ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நோயாளிகள் தங்களால் முடிந்த வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்க வேண்டும் என்று புதிய திட்டம் வந்திருக்கிறது. நடத்தும் பொறுப்பு என்னிடம். மூத்த செவிலியர்கள் கூட்டத்தில் சரி என்கிறார்கள்; மறுநாள் எல்லாவற்றையும் பழையபடி அவர்களே செய்துவிடுகிறார்கள். பிடிவாதம் என்கிறார் மேலாளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அக்காவோடு பல வருடம் டயாலிசிஸுக்குப் போனதை நீங்கள் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

எனக்கும் அது பிடிவாதமாகத் தெரியவில்லை.

அக்காவுக்கு வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். அந்தப் பிரிவில் ஃபிஸ்துலாவில், அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துவைத்த இடத்தில், வலிக்காமல் ஊசி போட ஒரே ஒரு சிஸ்டருக்குத்தான் கை வரும். அவருக்கு லீவு என்றால் முதல் நாள் இரவே அக்காவுக்குத் தூக்கம் போய்விடும். "நான் வந்துட்டேன்ல" என்று அவர் சொல்லும்போது அந்தக் குரலில் எவ்வளவு பெருமை இருக்கும்! வருடக்கணக்கில் சேர்ந்த கைத்திறன் அது. அதை நோயாளியிடம் கொடுத்துவிடு என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் அவரிடம் என்ன மிஞ்சும்? பயமும் இருக்கும். ஊசி நழுவி ரத்தம் போனால் பதில் சொல்ல வேண்டியது யார் என்று யாராவது அவர்களுக்கு எழுத்தில் தந்திருக்கிறார்களா? முதலில் அதை வாங்கிக் கொடுங்கள்.

ஸ்வீடனில் யோன்ஷோப்பிங் நகரின் ரிஹோவ் மருத்துவமனையில் 2005இல் கிறிஸ்டியன் ஃபார்மன் என்ற நோயாளி, தன் டயாலிசிஸைத் தானே செய்துகொள்ளலாமா என்று கேட்டார். பிரிட்-மாரி பாங்க் என்ற செவிலியர் கற்றுக்கொடுத்தார். ஃபார்மன் இன்னொரு நோயாளிக்குச் சொல்லிக்கொடுத்தார். பின்னால் அங்கே சுய டயாலிசிஸுக்கென்றே தனிப் பிரிவு வந்தது. இதில் என்னை நெகிழ வைப்பது அந்தச் செவிலியர்தான். மேலிடத்து உத்தரவுக்காக அவர் காத்திருக்கவில்லை. ஒரு மனிதர் கேட்டார், இவர் கற்றுக்கொடுத்தார். கைத்திறன் போகவில்லை, அவர் ஆசிரியரானார்.

அதனால் முதல் நோயாளியை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் பிரிவிலேயே கைதேர்ந்த அந்த மூத்தவரிடம், "யாருக்குக் கற்றுக்கொடுத்தால் வரும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அப்புறம் நேரம். தானே 5 நிமிடத்தில் முடிப்பதைக் கற்றுக்கொடுக்க அரை மணி ஆகும். அடுத்த ஷிஃப்டுக்காரர்கள் வெளியே காத்திருப்பார்கள். அந்த அரை மணியை ட்யூட்டி பட்டியலில் ஒதுக்காமல் யாரையும் பழைய வழியை விடச் சொல்வது நியாயமே இல்லை. மேலாளரிடம் நீங்கள் சண்டை போட வேண்டிய இடம் இது.

ஊசியில் தொடங்கவும் வேண்டாம். உங்கள் பக்கத்து யார்க்‌ஷயரில் 2010 வாக்கில் தொடங்கிய திட்டத்தில் டயாலிசிஸை 14 வேலைகளாகப் பிரித்தார்கள். எடை பார்ப்பதும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் அதில் உண்டு. ஒன்றிரண்டோடு ஒருவர் நின்றுகொண்டாலும் போதும்.

அக்கா ஊசியைத் தொட்டிருக்கவே மாட்டார். ஆனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு தடவையும் தன் எடையைத் தானே பார்த்து எழுதிவைப்பார். எந்தத் திட்டமும் சொல்லி அல்ல. கூடிய எடையைப் பார்த்து, உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று மெஷினில் போடும் முன் அந்த சிஸ்டர் கை நீட்டிக் கேட்பது அந்த நோட்டைத்தான்.