கேள்வி பதில்: இறுக்குவது எது, தளர்த்துவது எது?

வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

குத்துச்சண்டை பழகுகிறேன். பயிற்சியாளர் எப்போதும் ‘தோளைத் தளர்த்து’ என்று கத்துகிறார். ஓங்கி அடிக்கத் தசையை இறுக்கத்தானே வேண்டும்? (மாணவர், வியாசர்பாடி)

அவர் கத்துவதில் நியாயம் இருக்கிறது. தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. கை நீள வேண்டுமானால் மேற்கையின் பின்புறத் தசை சுருங்க வேண்டும். முன்புறத் தசை வழிவிட வேண்டும். முதல் தசைக்குக் கட்டளை போகும்போதே, எதிர்த்தசையின் நரம்பணுக்களை அடக்கும் செய்தியும் தண்டுவடத்திலேயே போய்விடுகிறது. இதை விரிவாக ஆராய்ந்தவர் சார்லஸ் ஷெரிங்டன். நரம்பணுக்கள் பற்றிய ஆய்வுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றவர். புதிதாகப் பழகுபவர் பதற்றத்தில் இரண்டு தசைகளையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு, தன் கையோடு தானே மல்லுக்கட்டுகிறார். பழகப் பழகத் தேவையற்ற இறுக்கம் உதிர்ந்துவிடும்.

இன்னொன்று: கை கிளம்புவதற்குச் சற்று முன்பே காலும் முதுகும் இறுகி உடலை நிலைநிறுத்துகின்றன. கால் வைப்பைத் திருத்தாமல் கையை மட்டும் திருத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேரம் ஆடும்போது விரல் காட்டும் நுட்பம் காலுக்கு ஏன் வருவதில்லை? (ராயபுரம்)

விரல் தசையில் ஒரு நரம்பணு ஏறத்தாழ நூறு இழைகளை ஆள்கிறது. கெண்டைக்கால் தசையில் ஆயிரத்துக்கும் மேல். சிறு சிறு அளவாகக் கூட்டிக் குறைப்பது விரலுக்குத்தான் எளிது.

கடலில் பல நாள் தங்கிக் கரையேறினால் தரை ஆடுகிறது. மயக்கமா? (விசைப்படகுத் தொழிலாளர், காசிமேடு)

மயக்கம் இல்லை. உட்காது, கண், பாதம் மூன்றும் தரும் தகவலைக் கொண்டு மூளை உடலை நிமிர்த்தி வைக்கிறது. படகின் ஆட்டத்துக்குப் பழகிய அந்தக் கணக்கு கரையிலும் சிறிது நேரம் தொடர்கிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பக்கவாதம் வந்து அப்பாவின் வலக்கை முதலில் துவண்டு கிடந்தது. இப்போது மடங்கி விறைத்திருக்கிறது. பலம் திரும்புகிறதா? (தண்டையார்பேட்டை)

விறைப்பைப் பலமென்று எண்ண வேண்டாம், அம்மா. மூளையின் இடப்பக்கத்து இயக்க நரம்புகளில் பெரும்பாலானவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் மறுபுறம் தாண்டி வலப்பக்கத்தை ஆள்கின்றன. தண்டுவடத்தின் அனிச்சைச் செயலை அடக்கி வைப்பதும் மூளையின் வேலையே. அந்தப் பிடி போனதால், நீட்டினாலே தசை சுருங்கிக்கொள்கிறது. வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகும். மெதுவாக நீட்டிச் சற்று நேரம் பிடித்திருங்கள். முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

சுவர் விளம்பரத்தில் வரும் நரம்புத் தளர்ச்சி லேகியம் கை நடுக்கத்தைப் போக்குமா? (கொருக்குப்பேட்டை)

போக்காது. தைராய்டு, பார்க்கின்சன் நோய், சில மாத்திரைகள் என்று நடுக்கத்துக்குக் காரணங்கள் பல. காசை இரத்தப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள்.