வாசகர் கேள்வி–பதில்: வெளிக்கோடு கடைசியில் வெட்டப்படட்டும்

கேள்வி: மண்டபத்தில் நினைவுப்பொருள் கடை நடத்துகிறேன். இராமேசுவரம் செல்லும் பயணிகளுக்காகப் பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப்பகுதியை 3 மி.மீ. பிளைவுட்டில் சிறு மாதிரியாகச் செய்ய எண்ணி, கோரல் டிரா என்ற வரைபட மென்பொருளில் வரைந்து, இராமநாதபுரத்தில் ஒரு லேசர் கட்டிங் கடையில் கொடுத்தேன். சட்டத்தின் முக்கோணத் துளைகள் சில இடம் விலகியும், சில ஓரங்கள் கருகியும் வந்தன. கோப்பில்தான் கோளாறு என்கிறார் கடைக்காரர். திரையில் படம் சரியாகவே தெரிகிறது. எங்கே தவறு?

பதில்: கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. இயந்திரமோ ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வெட்டும். எதை முதலில் வெட்டுவது என்று உங்கள் கோப்பு சொல்லாததால், அந்த முடிவு மென்பொருளிடம் போய்விட்டது.

1914இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் தூக்குப்பகுதி இரண்டு சிறகுகளாக மேலெழும் வகையில் அமைந்தது. ஒவ்வொரு சிறகும் முக்கோணங்களால் பின்னிய இரும்புச் சட்டம். உங்கள் பலகையில் சிறகின் வெளிக்கோடு முதலில் வெட்டப்பட்டிருந்தால், அந்தத் துண்டு அப்போதே தாய்ப்பலகையிலிருந்து விடுபட்டு, பலகையைத் தாங்கும் தேன்கூடு போன்ற துளைத்தட்டின் மேல் சற்றே சாய்ந்திருக்கும், அல்லது லேசர் முனையிலிருந்து வேகமாக வரும் காற்றில் ஒரு மில்லிமீட்டராவது நகர்ந்திருக்கும். லேசருக்கு அது தெரியாது. துண்டு முன்பு இருந்த இடத்தையே கணக்கில் வைத்து முக்கோணங்களை வெட்டிக்கொண்டு போகும். கடற்கரை ஈரக்காற்றில் பிளைவுட் எளிதில் வளைவதால் நம் பகுதியில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல்: வளைந்த பலகையிலிருந்து விடுபட்ட துண்டு துள்ளி எழும்போது, லேசர் கதிரின் குவியமும் தப்பி, வெட்டு அகலமாகிவிடும். பலகையைத் தட்டையாகக் கிடத்தி எடை வைத்துச் சேமிப்பதும், வெட்டும்போது ஓரங்களைக் காந்தத்தால் அழுத்திப் பிடிப்பதும் நல்லது.

ஆகவே வரிசை இதுதான். பலகை முழுதாக, அசையாமல் இருக்கும்போதே எழுத்துகளையும் படங்களையும் பொறித்துவிட வேண்டும். அடுத்து, தண்டவாளக் கோடுகள் போல மேலோட்டமாகக் கீறுபவை. பிறகு முக்கோணங்களும் துளைகளும். துளைக்குள் வேறு வடிவம் இருந்தால் உள்ளே இருப்பது முந்தும். வெளிக்கோடு எல்லாவற்றுக்கும் கடைசி. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் கொடுங்கள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு என்று நான் வைத்துக்கொள்வேன். எந்த நிறம் எந்த வேலைக்கு என்பது கடைக்குக் கடை மாறுமாதலால், கேட்டுக்கொண்டு வரைவது உத்தமம். லைட்பர்ன் போன்ற, லேசரை இயக்கும் மென்பொருள்களில் லேயர் (ஒரே நிறக் கோடுகளின் தொகுப்பு) வரிசைப்படி வெட்டவும், உள்வடிவங்களை முதலில் வெட்டவும் வசதி உண்டு. ஆனால் வெளிக்கோடு முற்றாக மூடியிருந்தால்தான் எது உள்ளே, எது வெளியே என்று மென்பொருளுக்குப் புரியும். கண்ணுக்குத் தெரியாத சிறு இடைவெளி இருந்தாலும் அந்த வசதி கைவிட்டுவிடும்.

ஓரம் கருகியதற்குக் காரணம் பெரும்பாலும் இரட்டைக் கோடு. கோரல் டிராவில் ஒரு வடிவத்தை நகலெடுத்து ஒட்டினால், அது மூலத்தின் மேலேயே அச்சொட்டாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் ஒன்றாகத் தெரிவதை லேசர் இருமுறை சுடும். சந்தேகமான முக்கோணத்தைச் சுற்றி மவுசால் கட்டம் இழுத்துத் தேர்வு செய்து, கீழ்ப்பட்டையில் எத்தனை பொருள்கள் என்று பாருங்கள். இரண்டு என்று காட்டினால் ஒன்றை அழித்துவிடலாம். அடுத்தடுத்த இரு துண்டுகள் ஒரே கோட்டைப் பகிர்ந்தாலும் இதே கதைதான்.

கேள்வி: கீழக்கரை என்ற ஊர்ப்பெயரை அக்ரிலிக்கில் சாவிக்கொத்தாக வெட்டக் கொடுத்தேன். ஒருமுறை கோப்பு கடையில் ஆங்கில எழுத்துகளாகத் திறந்தது; மறுமுறை ‘க்’ எழுத்தின் புள்ளி தனியே விழுந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: முதல் விபத்து எனக்கும் நேர்ந்தது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் அமைத்த பெயர்ப்பலகைக் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ரோமன் எழுத்துகளாகக் கிடந்தது. கோப்பைக் கொடுப்பதற்கு முன் கோரல் டிராவில் எழுத்துகளைத் தேர்ந்து கன்ட்ரோல்–கியூ அழுத்தி வளைகோடுகளாக மாற்றிவிட்டால், எந்தக் கணினியிலும் உருவம் மாறாது. அதன் பின் எழுத்துப்பிழை திருத்த முடியாது என்பதால், மாற்றாத பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி விழுவது தமிழுக்கே உரிய சிக்கல். எழுத்துகளை அடியில் ஒரு பட்டையால் இணைத்தாலும் புள்ளி அந்தரத்தில்தான் நிற்கும். எனவே புள்ளிக்கும் ககரத்தின் தலைக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு தண்டு வரைந்து, பட்டை, எழுத்து, தண்டு, புள்ளி நான்கையும் வெல்டு கட்டளையால் ஒரே வடிவமாக்குங்கள். வெறுமனே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், அவை சேரும் இடத்திலேயே லேசர் அறுத்துவிடும். பெயின்ட் அடிப்பதற்கான ஸ்டென்சில் என்றால் நிலைமை தலைகீழ்: அங்கே புள்ளி துளையாகிவிடுவதால் தொல்லையில்லை, ககரத்தின் மூடிய வயிறுதான் கழன்று விழும், தண்டை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.